தலைவருக்கு நான் திருத்திக் கொடுத்த ராஜினாமா

எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் ஒரு கட்சித் தலைவர் இருக்கிறார். சென்ற தேர்தலில் மக்கள் அவருடைய தொகுதியைப் பறித்தார்கள். மிச்சம் இருந்ததை நான் பறித்தேன். ஐம்பத்து நான்கு வயது வரை நாட்டு நடப்பு எதிலும் எனக்குப் பங்கு இருந்ததில்லை என்பதால், இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்க்கிறது. அதையும் மறைக்கவில்லை.

வங்காளத்தின் பெரிய கட்சிகளில் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். செயற்குழுவில் ஏழு பேர். பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை கொண்ட அலுவலகம். சட்டசபையில் ஒரே ஒரு இடம். அந்த இடத்தில் பதினைந்து ஆண்டுகளாக அவர்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் தலைவர் தலைவர்தான். சால்ட் லேக்கில் உள்ள எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் அவர் ஒரு போன் செய்வார், மாலைக்குள் ஆள் வந்துவிடும். அதே லிஃப்ட்டுக்காக நான் மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒருவரும் வந்ததில்லை. மூன்றின் நகல்களும் என்னிடம் இருக்கின்றன.

கட்டடத்தில் எல்லோரையும் போல நானும் அவரைத் தாதா என்றே கூப்பிடுவேன். இங்கே அதற்கு அண்ணன் என்று பொருள். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கேட்டு ஒரு கணம் திகைப்பார்கள். அவர் என்னை மோஷாய் என்பார், அதாவது ஐயா. எங்கள் பேச்சு எப்போதும் வங்காள மொழியில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், குற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. செக்டர் ஐந்தில், ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்களின் ராஜினாமா கடிதம் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். அது தெளிவாக இருக்க வேண்டும், நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும், எந்த நாளிலிருந்து என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். கோபத்தில் எழுதிக் கொடுத்த ஒரு பொறியாளரின் கடிதத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறைக்குள் அவர் கோபம் தணிந்து வேலையிலேயே தங்கிவிட்டார். இன்றும் என்னைப் பார்த்தால் கும்பிடுவார். நான் ஒருவருக்குச் செய்த ஒரே நன்மை அது. அதுவும் வேண்டுமென்று செய்ததல்ல.

தேர்தல் முடிவு வந்த மறுநாள் எனக்கு விடுமுறை. காலை பத்து ஐம்பதுக்குத் தலைவர் போன் செய்தார்.

"மோஷாய், ரெண்டு நிமிஷம் கீழ வர முடியுமா? ஒரு இங்லீஷ் லெட்டர். நீங்க ஒரு பார்வை பாத்தா நல்லா இருக்கும்."

நான் எழுந்த வேகத்தைப் பார்த்து என் மனைவி சொன்னாள்: "பேண்ட்டை மாத்திட்டுப் போங்க. குழாய் ஒழுகுதுன்னா மூணு நாளாகும். இங்லீஷ் லெட்டர்னா மட்டும் லுங்கியோட ஓடுறது."

பேண்ட்டை மாற்றிக்கொண்டு, பென்சிலையும் எடுத்துக்கொண்டு போனேன்.

முன்னறையில் தலைவர் வெள்ளைக் குர்த்தாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பத்திரிகை நிருபர் கையில் செல்போனுடன் காத்திருந்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். "அரசியல் போதும் மோஷாய், விட்டுடறேன்," என்று தலைவர் தாளை நீட்டினார். குரல் கனத்திருந்தது. எனக்கு மனம் இளகிப்போனது. தாளில் நான்கு வரிகள் இருந்தன. மக்கள் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்கிறேன். தோல்விக்குத் தார்மிகப் பொறுப்பேற்று, தீவிர அரசியலிலிருந்து தற்போதைக்கு ஒதுங்கி நிற்க எண்ணுகிறேன். என் வருங்காலம் பற்றிய முடிவைக் கட்சித் தொண்டர்களிடம் விட்டுவிடுகிறேன்.

ஆங்கிலத்தில் பிழை ஒன்றும் இல்லை. நான் அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

"தாதா, இதுல ஒரு சிக்கல் இருக்கு," என்றேன்.

"என்ன சிக்கல்?"

"இதைப் படிச்சா நீங்க விலகறீங்களா இல்லையான்னே தெரியல."

தலைவர் நிருபரை ஒரு முறை பார்த்துவிட்டு, "அப்படியா?" என்றார்.

"தற்போதைக்குன்னா எது வரைக்கும்? எண்ணுகிறேன்னா இன்னும் முடிவு பண்ணலையா? எங்க ஆபீஸ்ல இப்படி வந்தா திருப்பி அனுப்பிடுவோம்."

"இது ஆபீஸ் இல்லையே மோஷாய்."

"அதனாலதான் இன்னும் கவனமா இருக்கணும். நாளைக்கு யாராவது இவர் நாடகம் போடறார்னு சொல்லிடக்கூடாது பாருங்க."

நிருபர் இருமினார். அவருக்கு ஜலதோஷம் என்று அப்போது நினைத்தேன்.

தலைவரின் மனைவி தேநீர் கொண்டுவந்தார். அண்ணியை இங்கே பௌதி என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். பென்சில் வட்டங்களை எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இருக்கட்டுமே மோஷாய். லெட்டர்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

"அப்படி இப்படி இருக்கறதுதான் தப்பு பௌதி," என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

புதுத் தாளில் நானே எழுதினேன். கட்சித் தலைவர் பதவி, மற்ற எல்லாப் பொறுப்புகள், அடிப்படை உறுப்பினர் தகுதி ஆகிய அனைத்திலிருந்தும் இன்று பிற்பகல் முதல் விலகுகிறேன். இம்முடிவு எவருடைய தூண்டுதலும் இன்றி நானாக எடுத்தது. எவர் கேட்டுக்கொண்டாலும் இதை மறுபரிசீலனை செய்ய மாட்டேன்.

தலைவர் அதை நெடுநேரம் படித்தார். மூன்று வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. நடையில் மயங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

"உறுப்பினர் தகுதியும் போகணுமா?"

"அது இருந்தா விலகினதா ஆகாது தாதா. ரூம் மாறின மாதிரிதான்."

"பிற்பகல்னு எதுக்கு?"

"இப்ப மணி பதினொன்னு இருபது. பிற்பகல்னு போட்டா இன்னும் நாப்பது நிமிஷம் நீங்கதான் தலைவர்." இதை ஆறுதலாகச் சொன்னேன்.

"கடைசி வரி... அது வேணுமா?"

"அது இல்லேன்னா லெட்டரே நிக்காது."

"நிக்காதா?"

"நிக்காது."

மறுபடியும் நிருபரைப் பார்த்தார். நிருபர் படமெடுக்கச் செல்போனை உயர்த்திக்கொண்டிருந்தார். விலகுகிறேன் என்று வாயால் சொன்ன மனிதர், விலகுகிறேன் என்று எழுதியிருப்பதை வேண்டாம் என்று ஒரு பத்திரிகைக்காரர் முன்னால் எப்படிச் சொல்வார்? இந்தக் கேள்வி எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தோன்றியது. தலைவர் கையெழுத்திட்டார். நிருபர் படம் எடுத்தார். பன்னிரண்டு மணிச் செய்தியில் என் வாக்கியங்கள் தொலைக்காட்சித் திரையில் ஓடின. மனைவியைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மாடிப்படியில் கூட்டம் சேர்ந்தது. கட்சித் தொண்டர்கள். படிகளிலேயே உட்கார்ந்து, தலைவர் திரும்ப வர வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். முதல் மாடியில் கதவு சாத்தியிருந்தது. ஆனால் உள்ளே பெரிய கெட்டிலில் தேநீரும் இரண்டு அண்டா முரியும் தயாராக இருந்ததை, கதவு ஒரு முறை திறந்தபோது பார்த்தேன். முரி என்றால் பொரி. கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்தது.

பத்து மணிக்குக் கட்சியின் பொதுச்செயலாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும், வேகமாகப் படியேறும் ஆள். சட்டைப் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி கடைசி வரியைப் படித்தார்.

"எவர் கேட்டுக்கொண்டாலும்! கேட்டீங்களா? தலைவர் கையெழுத்து. இதுக்கு மேல நாம கேட்டா தலைவரைப் பொய்யராக்கறோம். அதைச் செய்யப் போறோமா?"

யாரும் செய்யப் போவதாகச் சொல்லவில்லை. பத்து முப்பத்தைந்துக்கு எல்லோரும் இறங்கிப் போனார்கள். இரண்டாம் மாடி வளைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், பொதுச்செயலாளரின் ஒழுங்கு உணர்ச்சியை மெச்சினேன். அன்று மாலை பௌதி எல்லா வீட்டுக்கும் முரி அனுப்பினார். எங்களுக்கு ஒரு பெரிய டப்பா. இரண்டு நாள் சாப்பிட்டோம்.

ஆறு நாள் கழித்து, மனைவி கீழே போய்விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "ஏங்க, அவுக லெட்டர்ல என்னத்த எழுதிக் குடுத்தீக?"

"ஏன்? நல்லா வந்திருந்ததே."

"அது நிஜ ராஜினாமா இல்லையாம். வேணாம் வேணாம்னு எல்லாரும் அழுது, மூணாம் நாள் திரும்ப வாங்கிக்கிற ராஜினாமாவாம். அந்தக் கட்சில எப்பவும் அப்படித்தானாம். பௌதி சொல்லிச் சொல்லி அழுறாக. பந்தியில போதும் போதும்னு கையால இலையை மறைக்கிறவுகளுக்கு, நீங்க இலையையே எடுத்துட்டீக."

அவரே விலகுகிறேன் என்று சொன்னாரே என்றேன்.

"எல்லாரும் நினைக்கிறதைத்தான் சொல்வாக, சொல்றதைத்தான் நினைப்பாகன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

நான் நாள்தோறும் எழுதும் டைரிகள் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், கட்சி ஒரு மாநகராட்சித் தேர்தலில் தோற்ற வாரத்தில் நானே எழுதியிருந்தேன்: "மாடிப்படியில் கூட்டம். மூன்று நாட்களாக. நடக்க இடமில்லை. செருப்புகள் அறுபத்து நான்கு. மூன்றாம் நாள் முதல் மாடியில் மகிழ்ச்சி ஆரவாரம்." அதற்கும் முந்தைய ஒரு டைரியில் இதே போல இன்னொரு குறிப்பு. செருப்பு அங்கே ஐம்பத்தொன்று. இரண்டு முறை என் கண்முன்னால் நடந்திருக்கிறது. செருப்பை எண்ணியவனுக்கு ஏன் வந்தார்கள், ஏன் சிரித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதன் பிறகு தலைவரைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. காலையில் பௌதியோடு நடக்கப் போனார். பையை எடுத்துக்கொண்டு தானே மீன் வாங்கப் போனார். லிஃப்ட்டில் இருவரும் அகப்பட்டுக்கொண்டால் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு வருவார். கேட்டின் அருகே யாராவது பைக்கை நிறுத்தினால் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்ப்பார், தன்னைத் தேடி வந்தவரோ என்று. பெரும்பாலும் சாப்பாடு கொண்டு வந்தவர்களாக இருக்கும். பால்கனியிலிருந்து மெதுவாக உள்ளே போவார். ஒரு மாதத்தில் இதை நான் பதினோரு முறை பார்த்தேன். எண்ணாமல் இருக்கத்தான் முயன்றேன்.

அலுவலக விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். ஏற்கப்படும் முன் ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம். ஆனால் கையெழுத்தான அன்று மாலையே பொதுச்செயலாளர் ஏற்றுவிட்டார். தவிர, திரும்பப் பெறும் வழியை அடைத்ததே நான்தான். கடைசியில், அந்த வார்த்தைகள் தலைவருடையவை அல்ல, என்னுடையவை என்று கட்சிக்கு இரண்டு பக்கம் எழுதினேன்.

"இதையும் எழுதித்தான் சரி பண்ணப் போறீகளா?" என்றாள் மனைவி.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நேரிலேயே போய்க் கொடுப்பது என்று முடிவு செய்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் லேக் மார்க்கெட் போய்க் காப்பிப்பொடி, அப்பளம், முருங்கைக்காய் வாங்குவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை அதை முடித்துக்கொண்டு பாலிகஞ்ச் அலுவலகத்துக்குப் போனேன். பையிலிருந்து முருங்கைக்காய் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஓர் அநீதியைக் களையப் போகும் மனிதனாக உள்ளே நுழைந்தேன்.

பொதுச்செயலாளர் என் இரண்டு பக்கத்தையும் படித்தார். படித்து முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அரே! அந்த மெட்ராஸ் பாபு நீங்கதானா? உக்காருங்க, உக்காருங்க. யாருப்பா அங்க, சாருக்கு ஒரு டீ!"

தவறு என்னுடையது, தலைவர் மேல் பழி வரக்கூடாது என்று நான்கு வாக்கியங்களில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தில் பாதியோடு அவர் கை காட்டி நிறுத்தினார்.

"என்ன லெட்டர் மோஷாய்! இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இந்தக் கூத்து. ரெண்டு தடவையும் நான்தான் மூணு மூணு நாள் படிக்கட்டுல உக்காந்து அழுதேன். இடுப்பு போயிடுச்சு. இந்தத் தடவை ஒரு ஓட்டை இல்ல. கடைசி வரி இருக்கே, அடடா! யார் எழுதினாங்கன்னு கமிட்டில எல்லாரும் கேட்டாங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளில் என் எழுத்தை ஒருவர் வரிவரியாகப் பாராட்டியது அன்றுதான்.

அவர் என் பையிலிருந்த முருங்கைக்காயை ஒரு முறை தட்டிப் பார்த்து, "நல்ல பிஞ்சு," என்றார். பிறகு மேஜை மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. துணைத் தலைவர், அப்புறம் மகளிரணித் தலைவி. வர்ற வெள்ளிக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள ரெண்டு பேரையும் தோல்விக்குப் பொறுப்பேத்து லெட்டர் எழுத வெச்சுடுவேன். அவங்களும் இதே மாதிரி வழவழன்னுதான் எழுதுவாங்க. நீங்க ஒரு தடவை திருத்திக் குடுத்துட்டா போதும்."

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் எழுந்து வந்திருப்பான். நான், "வெள்ளிக்கிழமை ஆபீஸ் இருக்கு, பாக்கறேன்," என்றேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது. வழக்கம்போலப் பேச்சு முழுவதையும் மறக்கும் முன் டைரியில் எழுதினேன். எழுதி முடித்து ஒரு முறை படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவன் வேலை ஏற்றுக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

மாலை ஆறு பத்துக்கு முதல் மாடியில் மணி அடித்தேன். கையில் பை அப்படியே இருந்தது. தலைவர் பனியனோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பௌதி பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஏதோ பாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரே கிண்ணம். அந்த வீட்டில் அப்படி ஒரு காட்சியை நான் முன்பு பார்த்ததில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். வட்டம் போட்டது முதல், முரி சாப்பிட்டது வரை. அவர் தலை நிமிரவில்லை, பட்டாணி உரிந்துகொண்டே இருந்தது. பாலிகஞ்ச் போனதையும், அங்கே என்னைப் பாராட்டியதையும், இன்னும் இரண்டு பேருக்கு எழுதித் தரக் கேட்டதையும் சொல்லிவிட்டு, "என்னை மன்னிக்கணும் தாதா," என்று முடித்தேன்.

கை நின்றது.

"எந்த ரெண்டு பேர்?"

சொன்னேன்.

அவர் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத ரத்தம் வந்து சேர்ந்ததை நான் பார்த்தேன். விரலை மடக்கி மெதுவாக எண்ணினார். துணைத் தலைவர், மகளிரணித் தலைவி, செயற்குழுவில் இந்த இருவருக்கும் நெருக்கமான இன்னும் இருவர். "ஏழுல நாலு," என்றார், என்னிடம் அல்ல. "செல்போன் எங்க?"

பௌதி செல்போனை எடுத்துத் தரவில்லை. அவரே எழுந்து போய்த் தேடி எடுத்து வந்தார். முதல் அழைப்பு துணைத் தலைவருக்கு. "தம்பி, கமிட்டிக்கு முன்னாடி அந்தச் செயலாளர் உன்கிட்ட ஒரு லெட்டர் கேப்பான், எழுதாதே. ஏன்னு சொல்றேன், இரு." செல்போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். மன்னித்தாரா இல்லையா என்பதைச் சொல்ல அவருக்கு நேரமில்லை.

"மோஷாய், அவன் என்னென்ன சொன்னான்? வார்த்தைக்கு வார்த்தை வேணும். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்காவா! பையைத் தரையில் வைத்துவிட்டு டைரியைப் பிரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த அறையில் ஒரு மாதத்துக்கு முன் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். ஒரு கையில் செல்போனும் மறு கையில் பேனாவுமாகத் தலைவர், "மெதுவா, மெதுவா," என்றார்.

பௌதி தொலைக்காட்சியை அணைத்தார். பட்டாணிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் ஒரு கணம் நின்றார்.

"ஒரு மாசம் இந்த வீட்டுல ஒரு மனுஷன் இருந்தார் மோஷாய்," என்றார். "வந்ததும் உங்களாலதான், போறதும் உங்களாலதான்."

நிமிர்ந்து பார்க்க நினைத்தேன். பார்த்திருந்தால் வரி தவறியிருக்கும். 'மகளிரணித் தலைவி' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, மேலே படித்தேன்.